ஆணி அடித்த நாற்காலி

பட்டறைக்குள் யார் நுழைந்தாலும் முதலில் கண்ணில் படுவது அந்த நாற்காலிதான். இழைப்புளிகளும் உளிகளும் வரிசையாக மாட்டிய சுவரில், எல்லாவற்றுக்கும் மேலே, தலைகீழாகத் தொங்கியது. மூன்று கால்களின் நுனியில் மூன்று விரல் உயரத்துக்கு ஒட்டுக்கட்டை. நாலாவது காலில் கட்டை இல்லை. வளைந்த இரண்டு ஆணிகள் மட்டும் பல்லை இளித்துக்கொண்டிருந்தன. சாமான் வாங்க வருகிறவர்கள், "இது என்ன புது மாடலா?" என்று கேட்பார்கள்.

"விக்கிறதுக்கு இல்ல. ஒருத்தருக்காக எடுத்து வெச்சிருக்கேன்" என்பார் பெஞ்சுக்காரர். யாருக்காக என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்.

பெயரைச் சொல்லிக் கேட்டால் தபால்காரரே தலையைச் சொறிவார். பெஞ்சுக்காரர் வீடு என்றால் தெருநாய்கூட முன்னால் நடந்து வழி காட்டும். ஆறாம் வகுப்போடு படிப்புக்குக் கும்பிடு போட்டவர். ஆனால் அவர் செய்த பெஞ்சு போகாத பள்ளிக்கூடம் அந்த வட்டாரத்தில் கிடையாது. அந்த ஊரில் முப்பது வயதுக்கு உட்பட்ட டாக்டர், வக்கீல், இன்ஜினியர் யாராக இருந்தாலும் சரி, அவர் இழைத்த பலகையில் உட்கார்ந்து எழுந்தவர்கள்தான். அந்தப் பெஞ்சுகளில் ஓர் ஆணி கிடையாது. ஒரு கட்டையில் துளை, இன்னொரு கட்டையில் அந்தத் துளைக்குள் அளவாக அடங்கும் மூக்கு, குறுக்கே ஒரு மரமுளை. அவ்வளவுதான். 'பெஞ்சு ஆடுது' என்று யாராவது வந்து நின்றால் அவர் பெஞ்சைப் பார்க்க மாட்டார். நேரே போய்த் தரையைப் பார்ப்பார். பத்துக்கு ஒன்பது தடவை தரைதான் கோணலாக இருக்கும்.

ஆணியைக் கையால் தொடுவதில்லை என்ற வைராக்கியம் அவருக்குப் பிறவியில் வந்ததல்ல. அது வந்த கதை சுவரில் தொங்கியது.

இருபத்து நாலு வருஷத்துக்கு முன்னால் பட்டறை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. தகரக் கூரை, இரண்டு வேலையாள். ஒரே மகள் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்பு. படிப்பில் கெட்டி, வாயிலும் கெட்டி. டீச்சர் ஆவேன் என்று ஐந்து வயதிலிருந்தே மரத்தூளைப் பரப்பி அதில் விரலால் எழுதிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தவள்.

அந்தப் பள்ளியின் தலைமையாசிரியருக்கு அப்போது நாற்பது வயதுகூட ஆகவில்லை. படிப்பு ஏராளம், உயரம் கம்மி. உயரம் கம்மியாக இருப்பது ஒரு குற்றமா? உளியைத் தட்டுகிற கொட்டாப்புளிகூடக் குட்டைதான், அது செய்யாத வேலையா? ஆனால் அந்த மனிதருக்கு அது உள்ளுக்குள் ஒரு புண். மேஜைக்கு எதிரில் உட்காருகிறவர் தன்னைவிட உயரமாகத் தெரிந்தால் அன்றைக்குப் பூராவும் பள்ளிக்கூடத்தில் இடி மின்னல்தான்.

ஒருநாள் ஆளனுப்பிப் பெஞ்சுக்காரரைக் கூப்பிட்டார்.

"இந்த நாற்காலிய மூணு விரல் தூக்கிக் குடு."

"தூக்கலாம் சார். காலைத் துளைச்சு, முளை வெச்சு, பசை போட்டு இறுக்கணும். ரெண்டு நாள் ஆகும்."

"நாளைக்கு ஆண்டு விழா. ஆணி அடிச்சுக் குடு போதும். மேலிடத்துல இருந்து யாராவது வந்தா கழட்டவும் வசதியா இருக்கும். தெரிஞ்சா சிரிப்பாங்க."

"ஆணி நிக்காது சார்."

"நீ தச்சனா, ஜோசியனா? அடி."

அடித்தார். மனசுக்கு ஒப்பவில்லை, ஆனாலும் அடித்தார். அந்தப் பள்ளியின் வேலை கைவிட்டுப் போய்விடக் கூடாதே என்ற பயம். தன் தொழில் சொன்னதைக் கேட்காமல் மேஜைக்குப் பின்னால் இருந்தவர் சொன்னதைக் கேட்டது வாழ்க்கையில் அந்த ஒரே தடவைதான்.

மறுநாள் மேடையில் விருந்தினர் ஏதோ வேடிக்கையாகச் சொல்ல, தலைமையாசிரியர் பின்னால் சாய்ந்து சிரித்தார். ஒரு காலின் கட்டை பிய்த்துக்கொண்டது. மனிதர் இரண்டு செருப்பும் மேலே தெரிய மல்லாந்தார். ஒரு நொடி மைதானம் மூச்சு விடவில்லை. முதல் வரிசையில் ஒரு பெண் பிள்ளை களுக்கென்று சிரித்தது. அதற்குப் பிறகு ஆயிரம் பேரும் சிரித்தார்கள். அந்த முதல் சிரிப்பு பெஞ்சுக்காரர் மகளுடையது.

அதுதான் அவள் செய்த குற்றம். ஆனால் எழுதப்பட்ட குற்றம் வேறு. தச்சன் மகள், வீட்டில் ரம்பம் இருக்கிறது, காலையில் மேடைக்கு நாற்காலி தூக்கியவர்களில் அவளும் ஒருத்தி. நாற்காலியின் காலை அறுத்து வைத்துவிட்டாள் என்று முடிவு கட்டி, மூன்றாம் நாள் டிசியைக் கையில் கொடுத்தார்கள். 'நடத்தை: திருப்தி இல்லை.' கீழே பச்சை மையில் கையெழுத்து.

பெஞ்சுக்காரர் ஓடினார். "சார், அறுத்த தடம் எங்க இருக்கு? ஆணி பிடுங்கியிருக்கு, பாருங்க. அடிச்சது நான். அடிக்கச் சொன்னது நீங்க. பிள்ளை என்ன பண்ணுச்சு?"

தலைமையாசிரியர் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார்: "அப்போ நான் நாற்காலிக்குக் கட்டை வெச்சு உக்காந்தேன்னு ஊருக்குத் தமுக்கு அடிக்கணுமா? போய்யா. இந்தக் குப்பையையும் தூக்கிட்டுப் போ."

குப்பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். வந்த அன்றே சுவரில் மாட்டினார். வீட்டில் இருந்த ஆணிப் பெட்டியைப் பழைய இரும்புக்காரனிடம் போட்டார்.

மகள் நாலு பள்ளிக்கூடம் ஏறி இறங்கினாள். நடத்தையைப் படித்தவுடனே நாலு இடத்திலும் கதவு மூடியது. ஐந்தாவது இடத்துக்கு அவள் போகவில்லை. உளியை எடுத்தாள். இன்றைக்கு அந்தப் பட்டறையில் பதினெட்டு பேர் வேலை செய்கிறார்கள் என்றால், படம் வரைவதும் அளவு போடுவதும் அவள். அப்பாவுக்குத் தெரிந்த ஆறு வகை மூட்டோடு அவள் கண்டுபிடித்தவை மூன்று. அவளுக்கு முப்பத்தெட்டு வயதாகியும் அவர் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். அவளும் சளைக்காமல், "பாப்பாவுக்கு முடி நரைக்குதுப்பா" என்பாள். எல்லாம் சரிதான். ஆனால் பெஞ்சு கொடுக்கப் பள்ளிக்கூடங்களுக்குப் போனால் அவள் வாசலிலேயே நின்றுகொள்வாள். வகுப்பறைக்குள் கால் வைக்க மாட்டாள். அதைப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் பெஞ்சுக்காரருக்குப் பச்சை மை ஞாபகம் வரும்.

"ஆறப்போடுங்க. இத்தனை வருஷமா அந்த நாற்காலிக்கு ஒட்டடை அடிக்கிறது நான்தானே" என்பாள் அவர் மனைவி.

"ஆறினது போதும். இது ஆறுற சமாச்சாரமில்ல" என்பார்.

இப்படியிருக்கையில்தான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் முதல்வர் பட்டறைக்கு வந்தார். கல்லூரியில் ஒரு புதுப் பதவி. நாளைக்குத் தலைமையாசிரியர்களாகப் போகிற ஆசிரியர்களைப் பொறுக்கியெடுத்து, பள்ளிக்கூடம் நடத்துவது எப்படி என்று சொல்லிக் கொடுக்க ஒரு விரிவுரையாளர் வேண்டும். தேர்வுக் குழுவில் ஐந்து பேர். அதில் ஒருவர் படிப்புத் தொழிலுக்கு வெளியே இருப்பவராக இருக்க வேண்டும் என்று விதி. கல்லூரியின் பெரிய கூடத்துக்கு மேஜை, பெஞ்சு எல்லாம் செய்து கொடுத்தவர் இவர்.

"நான் ஆறாப்பு சார்" என்றார் பெஞ்சுக்காரர்.

"அதுக்குத்தான் கூப்பிடறேன் ஐயா. படிச்சவங்க நாலு பேர் உக்காந்தா ஒருத்தரையொருத்தர் ஏமாத்திக்குவோம். உங்கள மாதிரி ஒருத்தர் இருந்தா கொஞ்சம் பயம் இருக்கும்."

பெஞ்சுக்காரருக்கு அது நியாயமாகப் பட்டது. பள்ளிக்கூடத்தைப் பற்றி அவருக்குத் தெரிந்தது அதிகாரிகளுக்குத் தெரியாது. பழுது பார்க்க வருகிற பெஞ்சைக் கவிழ்த்துப் போட்டால் போதும், அந்தப் பள்ளி எப்படி நடக்கிறது என்று ஜாதகம் கணித்துவிடுவார். பலகையில் காம்பஸ் முனை ஆழமாக இறங்கியிருந்தால் அந்த வகுப்பில் பாடம் நடக்கவில்லை. அடியில் நகத்தால் பிறாண்டிய தடம் இருந்தால் பிள்ளைகள் பயந்து சாகிறார்கள். ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சின்னப் பள்ளி. அங்கிருந்து பதினோரு வருஷத்தில் வந்தது இரண்டே பெஞ்சு. இரண்டிலும் உடைந்த துண்டைத் துணியில் முடிந்து கூடவே அனுப்பியிருந்தார்கள். யாரோ அக்கறையுள்ள கை.

மூன்று பேருடைய விண்ணப்பங்கள் கட்டாக வந்தன. எழுத்துக் கூட்டிப் படிக்க இவருக்குப் பொழுது போதாது. சாப்பாட்டு இடைவேளையில் மகளைப் படிக்கச் சொன்னார். மூன்றாவது விண்ணப்பத்தின் முதல் பக்கத்தில் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்ததும் அவள் படிப்பதை நிறுத்தினாள். தாளை அப்பா பக்கம் திருப்பினாள்.

முடி கொட்டியிருந்தது. கண்ணாடி புதுசு. கீழே கையெழுத்து, அதே பச்சை மை. தலைமையாசிரியராக இருந்து, மேலே மேலே போய், மாவட்ட அதிகாரியாக ஓய்வு பெற்றிருந்தார். இப்போது தலைமையாசிரியர்களுக்கே வாத்தியாராக வரப் போகிறாராம்.

பெஞ்சுக்காரர் சுவரை நிமிர்ந்து பார்த்தார். "வந்துட்டான்" என்றார்.

"இருங்க, இன்னும் இருக்கு" என்றாள் மகள். 'எனது பயிற்சி முறை' என்ற தலைப்புக்குக் கீழே இருந்ததை ஒரே தட்டையான குரலில் படித்தாள்.

"'என் பணிக்காலத்தில் மறக்க இயலாத நிகழ்வு ஒன்று. ஒரு தச்சரின் மகள், குறும்பு மிகுந்த மாணவி, என் நாற்காலியின் காலை ரம்பத்தால் அறுத்து வைத்தாள். ஆயிரம் பேர் முன்னிலையில் மேடையில் விழுந்தேன். அவளைப் பள்ளியை விட்டு நீக்கச் சொல்லி அனைவரும் வற்புறுத்தினர். நான் மறுத்தேன். அவளை அருகில் அமர்த்திப் பேசினேன்; மன்னித்தேன். இன்று அவள் ஓர் ஆசிரியை. ஆண்டுதோறும் எனக்கு வாழ்த்து அனுப்புகிறாள். மன்னிப்பே தலைமைக்கு அழகு. இந்நிகழ்வையே என் பயிற்சியின் முதல் பாடமாக வைப்பேன்.'"

வெளியே ரம்பம் ஓடி நின்றது.

"ஆசிரியையாம்" என்றாள் மகள். "வாழ்த்து வேற அனுப்பறேனாம். தபால் செலவு யாரு குடுத்தா?"

சிரிக்க நினைத்தாள், முடியவில்லை. இத்தனை வருஷத்தில் அந்த விஷயத்துக்காக அவள் கண் கலங்கிப் பெஞ்சுக்காரர் பார்த்ததில்லை. அன்றைக்கும் கலங்கவில்லை. ஆனால் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டாள். இந்த ஆள் அந்தப் பதவியில் உட்கார்ந்தால், ரம்பம் எடுத்தவள் என்ற பெயர் அவளுக்கு வருஷா வருஷம் பாடமாக நடக்கும். நாலு சுவருக்குள் கிடந்த பொய், பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்ச் சேரும்.

கட்டின் கடைசியில் ஒரு படிவம் இருந்தது. "போட்டியாளர் யாரோடவும் உறவோ பகையோ இல்லைன்னு குழுக்காரங்க கையெழுத்துப் போடணுமாம்" என்றாள்.

"உறவு இல்ல."

"பகை?"

"அது என் சொந்த விஷயம்" என்று கையெழுத்துப் போட்டார்.

அன்று சாயங்காலமே ஏணி போட்டு நாற்காலியை இறக்கினார். அவருடைய திட்டம் எளிமையானது. உதிர்ந்த கட்டையை அதே போல ஒட்ட வைத்து, அந்த ஆளை அதில் உட்கார வைப்பது. மிச்சத்தை ஆணி பார்த்துக்கொள்ளும். ஒரே ஒரு ஆணிக்காக விரதத்தை முறிக்கவும் அவர் தயார்.

மகள் குறுக்கே நின்றாள். "விழுந்தா என்னப்பா ஆகும்? பெஞ்சுக்காரர் செஞ்ச நாற்காலி உடைஞ்சுதுன்னு பேராகும். அந்த ஆளுக்கு நாலு பேர் தண்ணி தெளிச்சு, பாவம்னு சொல்லி வேலையும் குடுத்துடுவாங்க. போன தடவை விழுந்ததும் அவர்தான், அடிபட்டது யாரு?"

பெஞ்சுக்காரர் கையிலிருந்த சுத்தியலைக் கீழே வைத்தார்.

"அவர் விழ வேண்டாம். நாற்காலி பேசட்டும். கூடவே நானும் வரேன்" என்றாள். கல்லூரி வாசலைத் தாண்டி உள்ளே வருகிறேன் என்று அவள் சொன்னதை அவர் கவனித்தார்.

வெளியாள் உறுப்பினர் ஒரே ஒரு கேள்வி கேட்கலாம். மூன்று பேரிடமும் அதே கேள்வியைத்தான் கேட்க வேண்டும்; வருகிற பதிலுக்கு விளக்கம் கேட்கலாம். அது கல்லூரியின் ஒழுங்கு. அந்தக் கேள்வியை ஒரு வாரம் போட்டு இழைத்தார் பெஞ்சுக்காரர்.

நேர்முகத் தேர்வு நடந்தது அவர் மேஜை செய்து கொடுத்த அதே பெரிய கூடத்தில். முட்டை வடிவ மேஜை, விளிம்பில் ஒரு கூர் கிடையாது. மூலையில் கோணி போர்த்திய நாற்காலியைக் கொண்டுபோய் வைத்தார். முதல்வர், "இது என்ன ஐயா?" என்றார்.

"என் கேள்விக்குச் சேந்த சாமான் சார்."

முதலில் வந்தவர் இளைஞர். கேள்வியைக் கேட்டார் பெஞ்சுக்காரர்: "உங்க பள்ளிக்கூடத்துல உங்க நாற்காலி உடைஞ்சு போச்சு. ஒரு பிள்ளை மேல சந்தேகம். முதல்ல என்ன பண்ணுவீங்க?"

இளைஞர் பலகையில் ஒரு வட்டம் போட்டார், அதற்குள் இன்னொரு வட்டம் போட்டார், நடுவில் பிள்ளையை வைத்தார். நாற்காலி எந்த வட்டத்தில் இருந்தது என்று கடைசி வரை தெரியவில்லை.

அடுத்தது ஒரு அம்மா. நரைத்த கொண்டை, கையில் பழைய தோல் பை. எங்கே வேலை என்று முதல்வர் கேட்டதற்கு, ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் சின்னப் பள்ளி என்றார். பெஞ்சுக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அதே கேள்வியைக் கேட்டார்.

"நாற்காலியக் கவுத்துப் பாப்பேன்" என்றார் அந்த அம்மா.

"பிள்ளையக் கூப்பிட மாட்டீங்களா?"

"பிள்ளை பயத்துல எதை வேணா சொல்லும். அடிச்சா ஒத்துக்கவும் செய்யும். முதல்ல மரத்தக் கேட்டுக்கறேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்னன்னு இப்ப எப்படிங்க சொல்றது? மரம் என்ன சொல்லுதோ அதைப் பொறுத்து."

குழுவில் ஒருவர் சிரித்தார். பெஞ்சுக்காரர் சிரிக்கவில்லை. இருபத்து நாலு வருஷத்துக்கு முன்னால் இந்த ஒரு வாய்ச்சொல் கிடைத்திருந்தால் அவர் மகள் இன்றைக்கு டீச்சர். ஆனால் அவர் வந்த வேலை அது இல்லை. கதவைப் பார்த்தபடி இருந்தார்.

கதவுக்கு வெளியே தாழ்வாரத்தில் அந்த நேரத்தில் நடந்ததை மகள் பிறகுதான் சொன்னாள். மூன்றாமவர் வந்து உட்கார்ந்தார். எதிரில் நின்றவளை மேலும் கீழும் பார்த்தார். கையில் மரத்தூள், தோளில் ஒரு துணிப்பை. "ஏம்மா, குடிக்கக் கொஞ்சம் தண்ணி கொண்டா" என்றார்.

"உள்ள போங்க சார், கொண்டு வரேன்" என்றாள் அவள்.

அவர் உள்ளே வந்தார். காலணியின் அடிப்பாகம் இரண்டு விரல் கனம். பழைய புண் ஆறவில்லை போலும். பெஞ்சுக்காரரை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. தாடியும் வேட்டியும் கண்ணாடியுமாக இருந்தவரைப் பார்த்து, ஏதோ நன்கொடையாளர் என்று நினைத்து ஒரு வணக்கம் கூடுதலாக வைத்தார். மற்ற நாலு பேரும் கேட்டதற்கெல்லாம் பதில் வழுவழுவென்று வந்தது. எண்ணெய் போட்ட கீல் மாதிரி. முதல்வர் முகத்தில் திருப்தி தெரிந்தது. அடுத்தது பெஞ்சுக்காரர்.

கேள்வியைக் கேட்டார். அதே வார்த்தைகள், ஒன்று கூட்டவில்லை, குறைக்கவில்லை.

"அருமையான கேள்வி" என்றார் அவர். "இது எனக்கே நடந்தது. விண்ணப்பத்துல எழுதியிருக்கேன். காலை அறுத்து வெச்ச பொண்ணு. நான் நினைச்சிருந்தா அவ வாழ்க்கையே போயிருக்கும். கூப்பிட்டு உக்கார வெச்சுப் பேசினேன். மன்னிச்சேன்."

"அறுத்த தடம் பாத்தீங்களா சார்?"

"என் கண்ணால பாத்தேன்."

பெஞ்சுக்காரர் எழுந்தார். மூலைக்குப் போய்க் கோணியை உருவினார். நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து, முட்டை வடிவ மேஜைமேல், தாள்களுக்கு நடுவில், கவிழ்த்து வைத்தார்.

"எங்க சார் அறுத்திருக்கு? காட்டுங்க."

தெய்வம் நின்று கொல்லும் என்பார்கள். அன்றைக்கு அது உட்காருகிற சாமானாக வந்து நின்றது. அந்த மனிதர் மூன்று கட்டையையும் பார்த்தார், இரண்டு ஆணியையும் பார்த்தார். பிறகு பெஞ்சுக்காரர் முகத்தைப் பார்த்தார். தாடிக்குப் பின்னால் இருந்த ஆள் யார் என்று அப்போதுதான் விளங்கியது.

படித்தவர் அல்லவா, மூளை வேகமாகத்தான் வேலை செய்தது. முதல்வர் பக்கம் திரும்பினார். "சார், இது திட்டமிட்ட சூழ்ச்சி. இந்த ஆளுக்கு என் மேல முன்பகை. பகை இல்லைன்னு கையெழுத்துப் போட்டிருக்கணுமே? போட்டிருந்தா பொய்க் கையெழுத்து. இவர எழுந்திரிக்கச் சொல்லுங்க. இல்லேன்னா இந்தத் தேர்வே செல்லாது."

முதல்வர் படிவத்தை எடுத்துப் பார்த்தார். முகம் கறுத்தது. "ஐயா, பகை இருக்கா?"

இருக்கிறது என்று சொன்னால் பெஞ்சுக்காரர் எழுந்து போக வேண்டும். இல்லை என்றால் அது இன்னொரு பொய். இந்தப் படிவம் இப்படித் திரும்பி வந்து மடியில் விழும் என்று அவர் நினைத்திருக்கவில்லை. ஆனால் முழுசாகத் தெரியாத மரத்தில் உளி வைக்கிறபோது கை தானாக ஒரு வழி கண்டுபிடிக்கும். வாய் அப்படித்தான் பேசியது.

"எனக்கு என்ன சார் பகை? அவர்தான் சொல்றார். காரணத்தையும் அவரே சொல்லட்டும். நியாயமான காரணமா இருந்தா நான் பொய்யன்னு ஒத்துக்கிட்டு இப்பவே போயிடறேன்."

"சரிதான்" என்றார் முதல்வர். "முன்பகைன்னு சொன்னீங்க. எதனால? பதிவு பண்ணணும்."

பழைய தலைமையாசிரியர் நாற்காலியைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். கணக்குப் போடுவது முகத்தில் தெரிந்தது. எதிரில் இருக்கும் ஒரே முள்ளைப் பிடுங்கிவிட்டால் மற்ற நாலு பேரும் தன் பக்கம் என்பது அவர் கணக்கு.

"சின்ன விஷயம் சார். அந்தக் காலத்துல... நாற்காலிய உயர்த்தச் சொன்னது நான்தான். இவர்தான் ஆணி அடிச்சார். அது சரியா நிக்கல, விழுந்துட்டேன். அவசரத்துல இவர் பொண்ணுமேல எழுதி டிசி குடுக்க வேண்டியதாப் போச்சு. ஸ்கூலோட கௌரவம்னு ஒண்ணு இருக்கில்ல? அதை மனசுல வெச்சுக்கிட்டு இத்தனை வருஷம் கழிச்சு... இப்பவாவது இவர வெளிய அனுப்புங்க."

முதல்வர் விண்ணப்பத்தை எடுத்து, 'எனது பயிற்சி முறை' என்ற பக்கம் வரைக்கும் ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். அவசரமே படவில்லை.

கதவு திறந்தது. மகள் ஒரு தம்ளரோடு உள்ளே வந்தாள். அவர் முன்னால் வைத்தாள்.

"தண்ணி கேட்டீங்களே சார்."

துணிப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்துத் தம்ளர் பக்கத்தில் விரித்தாள். நாலாக மடித்து மடித்து வெளுத்துப்போன டிசி. பச்சை மை மட்டும் வெளுக்கவில்லை.

"நீங்க வாழ்த்து வந்துச்சுன்னு எழுதியிருந்தீங்க. நான் அனுப்பினதே இல்ல, அதான் நேர்ல கொண்டு வந்தேன்."

அவர் தண்ணீரைத் தொடவில்லை. பெஞ்சுக்காரர் தன் மதிப்பெண் தாளை எடுத்து, வெறுமையாகவே முதல்வர் பக்கம் தள்ளினார்.

"சார் சொன்னது நிஜம். எனக்குப் பகை உண்டு. பொய்க் கையெழுத்துதான் போட்டேன். என் மார்க்கு வேண்டாம், நீங்க நாலு பேரும் பாத்துக்குங்க." பிறகு அந்த மனிதர் பக்கம் திரும்பினார். "ஆணி அடிச்ச கை இது. தப்புல பாதி என்னோடது. என் பாதிக்கு இருபத்து நாலு வருஷம் ஆணியத் தொடல. உங்க பாதிக்கு நீங்க என்ன சார் பண்ணீங்க? பாடமா எழுதி வெச்சீங்க."

நாற்காலியைத் தூக்கிக்கொண்டார். மகள் டிசியை மடித்துப் பையில் வைத்தாள். இருவரும் வெளியே வந்தார்கள். தாழ்வாரத்தின் இரண்டு பக்கமும் வகுப்பறைகள். வரும்போது சுவரோரமாக நடந்தவள், போகும்போது ஒரு வகுப்பறைக்குள் நுழைந்து, கடைசி பெஞ்சைப் பிடித்து ஆட்டிப் பார்த்தாள்.

"ஆடலப்பா" என்றாள்.

"எப்படி ஆடும்? யார் செஞ்சது?" என்றார்.

பத்து நாளில் இரண்டு செய்தி வந்தது. ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருந்த பள்ளியின் அம்மாவுக்கு வேலை. பெஞ்சுக்காரருக்கு ஒரு கடிதம்: தவறான உறுதிமொழி அளித்த காரணத்தால் தாங்கள் இனிக் கல்லூரியின் எந்தக் குழுவிலும் இடம்பெற இயலாது. அதைச் சட்டம் போட்டு, நாற்காலி தொங்கிய இடத்தில் மாட்டச் சொன்னார். "வெக்கம் கெட்ட மனுஷன்" என்றாள் மனைவி. "இதுக்கும் ஒட்டடை அடிக்கணுமா?"

புது விரிவுரையாளர் ஒருநாள் பட்டறைக்கு வந்தார். அந்த நாற்காலி கல்லூரிக்கு வேண்டும் என்றார். முதல் நாள் வகுப்பில் ஒவ்வொருவரையும் கவிழ்த்துப் பார்க்கச் சொல்லப் போகிறாராம். பெஞ்சுக்காரர் மகளைப் பார்த்தார்.

"தரோம். ஆனா தனியாத் தர மாட்டோம்" என்றாள். உள்ளே போய் ஒரு மரச்சட்டத்தை எடுத்து வந்தாள். நாலு மூலையிலும் அவள் கண்டுபிடித்த மூட்டு. கண்ணாடிக்குப் பின்னால் அந்த டிசி. அவள் பெயர் இருந்த இடத்தில் ஒரு சின்னக் காகிதத்தை ஒட்டி மறைத்திருந்தாள். பச்சைக் கையெழுத்தை மறைக்கவில்லை. "நாற்காலிக்குக் கீழ இது தொங்கணும். சம்மதம்னா எடுத்துக்குங்க."

விரிவுரையாளர் அந்தக் கையெழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவரும் அந்த அதிகாரிக்குக் கீழே வேலை செய்தவர்தான். யாருடையது என்று சொல்லத் தேவையில்லை. "சம்மதம்" என்றார்.

வண்டியில் ஏற்றும்போது பெஞ்சுக்காரர் கேட்டார்: "ஒரு வகுப்புக்கு எத்தன பேரும்மா?"

"முப்பது."

"வருஷத்துக்கு?"

"ரெண்டு வகுப்பு ஐயா."

வண்டி போன பிறகு மகள், "போதுமாப்பா?" என்றாள்.

பெஞ்சுக்காரர் விரலை மடக்கினார். வருஷத்துக்கு அறுபது தலைமையாசிரியர்கள். ஒவ்வொருவரும் அந்தப் பச்சைக் கையெழுத்தைப் பார்த்துவிட்டு ஒரு ஊருக்குப் போவார்கள்.

"அந்த ஆளுக்கு இப்ப அறுபத்திரண்டு வயசு" என்றார். "நல்லா இருக்கட்டும். நூறு வயசு இருக்கட்டும்."